ஒரு காலுக்கு ஏழு வார்

ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைக்கு அப்பாவாக இருப்பது சம்பளமில்லாத வேலை. அதிலும் ஊர் ஊராகப் போய் ஆடும் டீம் என்றால் சனி ஞாயிறும் கிடையாது, ராஜினாமாவும் கிடையாது.

பிள்ளைகளை ஸ்பெல்லிங் போட்டிக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் சக தியாகிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வண்டி நாறாது. நான் நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்துகொண்டு மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய் வேலை பார்க்கிறவன். மனைவி மாலதி, மகள் அபர்ணா. அபர்ணாவிடம் நாங்கள் தமிழில் பேசுவோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் சொன்னதையும் இங்கே வருகிற அமெரிக்கர்கள் சொன்னதையும் நானே தமிழாக்கிக்கொள்கிறேன்.

இலவசம்

அபர்ணாவுக்கு எட்டு வயதில் யாரோ ஒரு சிநேகிதியின் பிறந்தநாளை ஐஸ் ரிங்க் என்கிற பனிச்சறுக்குத் தளத்தில் கொண்டாடினார்கள். கேக் வெட்டிய கையோடு ஒரு கோச் வந்து, பெண்கள் டீமுக்கு ஆள் எடுக்கிறோம் என்றார். தலைக்கவசம், மட்டை, ஸ்கேட் என்று எல்லாம் நாம்தான் வாங்க வேண்டுமாம். கோல்கீப்பருக்கு மட்டும் கிளப்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடுமாம். இலவசம் என்று காதில் விழுந்ததும் கரூர்க்காரன் மூளை எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப கோல்கீப்பராவே போட்டுக்குங்க" என்று நான்தான் சொன்னேன். மாலதி என்னைப் பார்த்த பார்வையை அன்றைக்கே படித்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்தில் அவளை ஊர் ஊராகப் போய் ஆடும் டீமுக்கு எடுத்துவிட்டார்கள். அங்கே போனால் எல்லாம் சொந்தமாக வாங்கியாக வேண்டும், கோல்கீப்பர் சாமான்தான் இருப்பதிலேயே விலை அதிகம். இலவசம் என்று சொன்னீர்களே என்று டீம் மேனேஜர் லிண்டாவிடம் கேட்டேன். அந்த அம்மாள் என் தோளில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னார்: "அது சின்னக் குழந்தைகளுக்கு. பழக்கம் பண்ணிவிடத்தான் அப்படிக் கொடுக்கிறது."

அதே பக்கம்

கோல்கீப்பரின் காலில் முழங்காலுக்கு மேல் வரை வரும் பெரிய பேட் கட்டுவார்கள். ஒரு காலுக்கு ஏழு தோல் வார்கள், எல்லாவற்றுக்கும் பின்பக்கம் பக்கிள். கட்டிக்கொள்கிறவள் குனிந்தால் எட்டாது. வேறொருவர் தரையில் உட்கார்ந்து மாட்டிவிட வேண்டும். பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் அப்பாக்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே வண்டியை நான் ஓட்டினாலும் ஒவ்வொரு மேட்சுக்கும் மாலதி வந்தே ஆக வேண்டும். பெண்கள் டீம்கள் குறைவு என்பதால் எதிரிகள் எல்லாம் கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் இருந்தார்கள்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தகத்தையே நடத்தியவள் மாலதி. இங்கே ஒரு மருந்துக் கடையில் உதவியாளர். வாடிக்கையாளர் சந்தேகம் கேட்டால், பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பையனைக் கைகாட்ட வேண்டும். அவளுடைய இந்தியப் பட்டம் செல்ல வேண்டுமானால் ஒரு தேர்வு எழுத வேண்டும். மார்ச்சில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை. செப்டம்பரில் டீமுக்கு ஆள் எடுப்பார்கள், மார்ச்சில் இறுதிப் போட்டிகள். இரண்டு தடவை விண்ணப்பித்து இரண்டு தடவையும் தள்ளிப்போட்டாள். தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எல்லா ரிங்குக்கும் கூடவே வரும். கையுறையோடு பக்கம் புரட்ட முடியாது, கழற்றினால் விரல் விறைத்துப்போகும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிண்டா எட்டிப் பார்த்துவிட்டு, வெகுளியாகத்தான் கேட்டார்: "மாலதி, போன சீசனிலும் நீ இதே பக்கத்தில்தானே இருந்தாய்?"

பை

ஹாக்கிப் பையின் வாசனையைப் பற்றி நான் எழுதி உங்களுக்குப் புரியாது. வியர்வை, ஈரத் தோல், போன மாதத்து வாழைப்பழத் தோல் எல்லாம் ஒன்றாக மூடி வைத்து ஊறியது. பனிக்காலத்தில் கூட ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவோம். மூக்கு பழகிவிட்டால் பிறகு தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

எடிசனில் இருக்கும் ராமநாதன் அங்கிளை விமான நிலையத்தில் விட்டுவர ஒப்புக்கொண்டு, பையை இறக்கி வைக்க மறந்துவிட்டேன். மனிதர் ஓக் ட்ரீ ரோடு தாண்டும் வரை பேசிக்கொண்டே வந்தார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியதும் பேச்சு நின்றது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது பெட்டியை வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. வண்டியில ஏதோ செத்துக் கெடக்கு. வீட்டுக்குப் போனதும் பாத்துருங்க."

லீவு

என் தம்பி கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவு கேட்டபோது என் பாஸ் காலண்டரை மேஜையில் விரித்துவிட்டார். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த சமயம். எங்கள் வேலையே அதைத் தடுப்பதுதான். பேரம் பேசி ஒன்பது நாள் கொடுத்தார். அதில் மூன்று நாள் பயணத்திலேயே போய்விட்டது. தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்ப வேண்டியிருந்தது. பாஸ்டன் பக்கம் போட்டி. பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "உன் பெண் கோல்கீப்பரா? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? திங்கட்கிழமையும் வராதே" என்றார். கல்யாணத்துக்கு ஏன் இந்தத் தாராளம் இல்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீ வராவிட்டாலும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை இருப்பார். கோல்கீப்பர் வராவிட்டால் மேட்ச் எப்படி நடக்கும்?"

ஆயுத பூஜை

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேட்ச் இல்லாத ஞாயிறு. எங்களுக்கு அதுவே பண்டிகைதான். மாலதி தன் தேர்வுப் புத்தகத்தைப் பூஜையில் வைத்தாள். இன்றைக்கு ஒரு நாளாவது படிக்காமல் இருக்க நியாயமான காரணம் கிடைத்ததே என்றாள். இந்த வீட்டில் அதிகமாக அடிபட்டு உழைக்கிற ஆயுதம் எது என்று யோசித்து, நான் அபர்ணாவின் பேடையும் முகமூடியையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பக்கத்திலேயே சாத்தி வைத்தேன். கற்பூரம் காட்டி, சுண்டல் சாப்பிட்டு முடிக்கும்போது போன் அடித்தது. நேற்று நின்றுபோன மேட்ச் இன்று நான்கு மணிக்கு.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்யாமல் தொடக் கூடாது. மாலதி கண்டிப்பாக மாட்டேன் என்றுவிட்டாள். அபர்ணா பூஜை அறை வாசலில் முகமூடியைப் பார்த்தபடி அழத் தயாராக நின்றாள். கடைசியில் கோயிலுக்கு போன் போட்டேன். குருக்களுக்கு ஹாக்கியை விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பொறுமையாகக் கேட்டவர், "அதை வெச்சு யாராவது சம்பாதிக்கிறேளா?" என்றார். இல்லை சாமி, செலவுதான் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்போ அது ஆயுதமே இல்லையே. தாராளமா எடுத்துண்டு போங்கோ!"

தாளிப்பு

போட்டிக்குப் போகும் ஊர்களில் சைவம் என்றால் பிரெஞ்ச் ஃப்ரை. ஆகவே ஒரு சின்ன ரைஸ் குக்கரும் மின்சார அடுப்பும் எங்களோடு மோட்டலுக்கு வரும். ஒரு காலை ஆறு மணிக்கு எலுமிச்சைச் சாதம் செய்யலாம் என்று நான் கடுகும் மிளகாயும் தாளித்தேன். மோட்டலின் தீ அலாரம் அலறியது. நான்கு டீம்கள், அப்பா அம்மாக்கள், தம்பி தங்கைகள் எல்லாரும் பைஜாமாவோடு பனியில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்களில் ஒருவர் உள்ளே போய் என் வாணலியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார், மொத்தக் கூட்டமும் தும்மியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

அன்று மத்தியானம் அபர்ணா ஆடியதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது எதிராளிப் பெண் ஒருத்தி தனியாக விரைந்து வந்தாள். அபர்ணா அசையாமல் நின்று, கடைசிக் கணத்தில் கையுறையை நீட்டி பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைக் காற்றிலேயே பிடித்தாள். பணமும் தூக்கமும் லீவும் போனது எல்லாம் அந்த ஒரு நொடிக்கு மறந்துபோகும். அதுதான் இந்த வியாதியே. காலைச் சங்கதிக்காகக் கோச்சிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எதிர் டீம் கோல்கீப்பர் காலையில் பனியில் வெறும் சாக்ஸோடு நின்றாள். நாளைக்கும் அதையே சமைக்க முடியுமா?"

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை

மூன்றாவது தடவையாக மாலதி விண்ணப்பித்தாள். இந்த முறை புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு வைத்த அட்டை கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தது. ரயிலில் தூங்காமல் நான் அவளுக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்தேன். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் லிண்டாவின் ஃபேக்ஸ் வந்தது. அரையிறுதி அதே சனிக்கிழமை, காலை எட்டு மணி, பிலடெல்பியா பக்கம். தேர்வும் பிலடெல்பியாவில்தான், எட்டரைக்கு.

மாலதி ஃபேக்ஸை இரண்டு தடவை படித்தாள். டிராயரைத் திறந்து, தேர்வைத் தள்ளிவைக்க யாருக்குப் போன் பண்ண வேண்டுமோ அந்த நம்பர் இருந்த தாளை எடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவள் அப்படித்தான் செய்வாள் என்று நான் ஏற்கெனவே மனசுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன். "வேற யாராச்சும் அம்மா மாட்டிவிட மாட்டாங்களா?" என்று ஒப்புக்குக் கேட்டேன். "அவங்க இறுக்கமாப் போட்டுருவாங்க, அவளுக்குக் கால் மரத்துப்போகும்ங்க" என்றாள்.

படியில் உட்கார்ந்திருந்த அபர்ணா, தலையை நிமிர்த்தாமல், வாரைத் தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எப்படி என்று கேட்டோம். பேடைத் தரையில் குப்புறப் போட்டு, மேலேயே படுத்துக்கொண்டு, காலை மடக்கினால் பக்கிள் எட்டுமாம். கிறிஸ்துமஸிலிருந்தே தெரியுமாம். மாலதி கையில் தாளோடு அப்படியே நின்றாள். "அப்ப ஏண்டி சொல்லல?" "உனக்கு அது பிடிக்கும்னு நினைச்சேன்மா."

அந்தச் சனிக்கிழமை மாலதியைத் தேர்வு நடக்கும் கட்டடத்தில் ஏழு மணிக்கே இறக்கிவிட்டு நாங்கள் ரிங்குக்குப் போனோம். அறைக் கதவுக்கு வெளியே நான் தவித்துக்கொண்டு நிற்க, அபர்ணா பதினான்கு வாரையும் தானே மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டுக்கு மூன்று என்று தோற்றார்கள். மூன்றாவது கோலைக் கடவுளே வந்தாலும் தடுத்திருக்க முடியாது. அழுது முடித்து, முகம் கழுவி, நேராக அம்மாவிடம் போகலாம் என்றாள். தேர்வு நான்கு மணிக்குத்தான் முடியும் என்றேன். பரவாயில்லை என்றாள்.

கட்டடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். பெட்ரோல் வீணாகும் என்று ஹீட்டரை அடிக்கடி அணைத்தேன். முதல் மணி நேரம் அபர்ணா பாட்டுக் கேட்டாள். இரண்டாவது மணி நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதப் பார்த்து, விரல் விறைத்து, மூடி வைத்தாள். அப்புறம் காலைத் தேய்த்தாள், ஜன்னலைத் துடைத்தாள், மணி என்ன என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டாள். கடைசி ஒரு மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணி தாண்டி மாலதி வந்து ஏறினாள். ஏறியதும் பின்னால் திரும்பி, "ஜெயிச்சியாடி?" என்றாள். அபர்ணா காலையிலிருந்து திறக்காமல் வைத்திருந்த ஃப்ளாஸ்க் டீயை அவள் கையில் கொடுத்தாள். பிறகு, எங்களிடம் என்றைக்கும் பேசாத தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள்: "அம்மா, வெயிட் பண்றது ரொம்பக் கஷ்டம். நீ ஒரு வாட்டிகூடச் சொல்லவே இல்ல."

அந்தத் தேர்வில் மாலதி பாஸாகிவிட்டாள், அபர்ணா வாரைத் தானே மாட்டிக்கொள்கிறாள், ஆக இந்தத் தொழிலில் இன்னும் விடுதலை கிடைக்காமல் சனிக்கிழமைதோறும் குளிரில் தனியாக உட்கார்ந்திருப்பது, இலவசத்துக்கு ஆசைப்பட்ட நான் ஒருவன்தான்.