பக்கத்துப் படுக்கை எதிர்க்கட்சி

டயாலிசிஸ் டெக்னீஷியன் என்றால் ஊசி குத்துகிற வேலை என்று நினைப்பார்கள். எங்கள் பாதி வேலை டி.வி. ரிமோட்டைக் காப்பாற்றுவது. நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருப்பவர்களுக்கு நியூஸ் சேனலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அரசியல் பேசுகிறவர்களுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கும் யாருக்கும் என் கஷ்டம் புரியும்.

அதே கை, அதே கட்சி

காலடிப்பேட்டையில் இருக்கும் எங்கள் சென்டருக்கு வரும் கன்னியப்பன் அண்ணன், பக்கத்துக் குப்பத்துக்காரர். உடம்பு விட்டுப்போகும்வரை கடலுக்குப் போனவர். அவருக்கு ஜன்னலோரப் படுக்கைதான் வேண்டும், ஊசி நான்தான் போட வேண்டும். வேறு ஆள் வந்தால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். கட்சியும் அப்படித்தான். வாலிபத்தில் பிடித்தது, தலைவர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை. அவர்களைப் பற்றி ஊழல் செய்தி ஓடும்போது மட்டும் சரியாகத் தூங்கிவிடுவார்.

"ஏண்ணே, அவங்க தப்பே பண்ண மாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே கடல் தெரியாது, எதிர்வீட்டு மொட்டைமாடிதான் தெரியும். அதைப் பார்த்தபடியே சொன்னார்: "கடல்கூடத்தான் எங்கண்ணன எட்த்துகினு பூட்ச்சி. அதுக்கோசரம் கடலு வாணாம்னு சொல்லிட்டனா? இப்பகூட வுட்டா ஓடிருவேன்."

ஜெயிக்கிற பக்கம்

விம்கோ நகர் வசந்தா அக்காவுக்குப் பயந்த சுபாவம். மெஷினில் சின்னச் சத்தம் வந்தாலும் பிரஷர் எவ்வளவு என்று கேட்பார். தேர்தல் வந்தால் அதே குரலில் ஆயாம்மாவிடம், ஆட்டோக்காரரிடம், டாக்டரிடம்கூட, "யாரு வருவாங்க?" என்பார். அதிகம் பேர் சொல்வதுதான் அவர் கருத்து. வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அதுவும் மாறியிருக்கும்.

"உங்களுக்குன்னு ஒண்ணும் தோணாதாக்கா?" என்றேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "தோணும்மா. ஆனா தோத்துட்டு தனியா உக்காந்துகினு இருக்க பயமா கீது. இந்த வியாதில தனியா கீறதே போதும்."

ஆள்கிறவர் யாரானாலும்

கன்னியப்பன் அண்ணனுக்கு அடுத்த படுக்கை சவேரி அண்ணனுடையது. ராயபுரத்துக்காரர், ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். எங்கள் எடை மெஷினைக்கூட நம்ப மாட்டார். இறங்கி மறுபடி ஏறிப் பார்ப்பார். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டுவிட்டு, ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, சொம்பு நிறையத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசுவார்.

கன்னியப்பன் அண்ணன் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் இவரிடமிருந்து "இல்ல நைனா" என்று வரும். பிரஷர் ஏறப்போகிறதே என்று நடுவில் திரையை இழுத்துவிடுவேன். திரைக்குப் பின்னாலிருந்தும் வரும். ஒருமுறை சவேரி அண்ணன் ஓட்டுப் போட்ட கட்சியே ஜெயித்தது. இனிமேலாவது சண்டை ஓயும் என்று நம்பி, சந்தோஷமா என்று கேட்டேன். "பதவி ஏத்துக்கற வரிக்கும்தான் சிஸ்டர் அவங்க நம்ம ஆளு. அப்பால நான் எதிர்க்கட்சி."

புது ஆள்

மழைக்காலத்தில் ஒரு காலை சவேரி அண்ணன் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகள் போன் செய்தாள். கன்னியப்பன் அண்ணனிடம் சொன்னேன். ஊசிக்குக் கையை நீட்டினார். அந்தப் படுக்கைக்கு ஒரு பேங்க்காரர் வந்தார். நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் "கரெக்ட் சார்" என்பார்.

சில வாரம் கழித்து, டி.வி.யில் கன்னியப்பன் அண்ணனின் கட்சித் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் தூங்கவில்லை. "பொய் சொல்றான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்துப் படுக்கையைப் பார்த்தார். "கரெக்ட் சார்" என்றார் பேங்க்காரர். அண்ணனின் முகம் வாடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அரசியல் பேசினேன்: "இல்லண்ணே, உங்க தலைவர் சொல்றது சரிதான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். லேசாகச் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "நீ எனக்கோசரம் சொல்றம்மா. சவேரின்னா மெய்யாலுமே சொல்வான்."

ரத்தத்தைச் சுத்தம் செய்ய எங்கள் சென்டரில் வரிசையாக மெஷின் நிற்கிறது, மனசார 'இல்லை' என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.