இரண்டு தேதிகளுக்கு இடையில்

எங்கள் மெல்பேர்ன் அலுவலகத்தில் டேட்டாபேஸிலிருந்து விவரங்களைத் தேடியெடுத்துத் தருவது அந்த யாழ்ப்பாணத்து அக்காவின் வேலை. குட்டையானவர், காதோரம் நரை. மதியம் மாண்டரின் ஆரஞ்சு உரித்து எல்லோருக்கும் சுளை கொடுப்பார். ஒரு வாரம் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

நான் அருகில் போய், "அக்கா, கிரெய்கிபர்ன்ல வீடு பார்த்திருக்கோம். நாளைக்கு அட்வான்ஸ் கட்டுறோம்," என்றேன்.

"நீங்கள் எப்ப வேலைக்குச் சேர்ந்தனீங்கள்?"

"போன வருஷம் மார்ச்."

கதவைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்கோ," என்றார். "ஏனெண்டு கேக்காதேங்கோ."

நாங்கள் கட்டவில்லை. அடுத்த வாரம், போன வருஷம் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் சேர்ந்த எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தத் தேதிகளைக் கொடுத்துப் பெயர்களை எடுக்கச் சொன்னது அவரிடம்தான். வாய் திறந்தால் அவர் வேலையும் போயிருக்கும்.

கிளம்பும்போது நன்றி சொன்னேன்.

"நான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை," என்றார், திரையைப் பார்த்தபடியே.

எங்கள் நடுவில் அந்த வாரத்தை எப்படித்தான் கடத்தினாரோ.