ஏழு மீனும் இடது மூலையும்

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ராத்திரி இல்லை, மழை இல்லை, கரண்ட் கட் இல்லை. பட்டப்பகல், மணி நாலு இருபது. பகலில் பேய் வருமா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேதியியல். குடிதண்ணீரைச் சோதித்துச் சொல்லும் லேபில் வேலை. "பொம்பளப் புள்ளைக்குத் தனி வீடு எதுக்கு?" என்று அண்ணன் குதித்தான். குதிக்கட்டும் என்று, ஒரு மாடி வீட்டை நானே பார்த்து வாடகைக்கு எடுத்தேன். "பயமா இருக்குன்னு ஒரே ஒரு போன் பண்ணு. வண்டியோட வந்து நிக்கிறேன்" என்றான். அந்த ஒரு போனுக்காகத்தான் மொத்தக் குடும்பமும் காத்திருந்தது. பண்ணினால் வேலையை விட்டுவிட்டு, அவர்கள் காட்டுகிற எவனுக்கோ கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

அந்த வீட்டுக்கு நான் வாங்கிய முதல் பொருள் கட்டில் இல்லை, மீன் தொட்டி. ஹாலின் இடது மூலையில் ஒரு சிமெண்ட் மேடை சும்மா கிடந்தது. அளவெடுத்த மாதிரி தொட்டி அதில் உட்கார்ந்தது. தொட்டிக்கும் இடதுபக்கச் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மீன் விடாமலே ஒரு மாதம் தொட்டியைப் பழக்கினேன். தண்ணீரைத் தினமும் சோதித்தேன். அம்மோனியா பூஜ்யத்தில் நின்ற பிறகுதான், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஏழு வரிமீன் வாங்கி விட்டேன். சுண்டுவிரல் நீளம். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத ரகம்.

ஞாயிறு, 4.20. ஏழும் ஓடுவதை நிறுத்தின. ஒன்றன்பின் ஒன்றாக இடது மூலைக்குப் போய், மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. நான் தீனி போடுவது வலது பக்கம். மூடியில் துளை அங்கேதான் இருக்கிறது. நாலு நிமிஷம் நின்றன. பிறகு கலைந்தன.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"புது இடம்மா, மெரளும். கண்ணாடில தன் உருவத்தப் பாத்தும் நிக்கும். மேல வந்து வாயப் பொளந்து மூச்சு வாங்குனா மட்டும் சொல்லு."

"மூச்சு வாங்கல அண்ணே. சாப்பாட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்குது."

"யாராச்சும் அந்தப் பக்கம் போட்டுப் பழக்கினாத்தான் அப்பிடி நிக்கும்."

"நேத்து சாயங்காலம்தானே வாங்கினேன்!"

"அப்ப நீதான் எனக்குச் சொல்லணும்" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை ஒன்று செத்து மிதந்தது. வயிறு மேலே. புதன்கிழமை தண்ணீரை லேபுக்கு எடுத்துப் போனேன். அம்மோனியா, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். தீனி மிஞ்சி அழுகினால்தான் அவ்வளவு ஏறும்; நான் போடுவதோ ஒரு சிட்டிகை. வீட்டுக்கு வந்து வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்தேன். ஊறிப்போன ஒரு துண்டு கையில் வந்தது. ஓரத்தில் பல் பல்லாக வெட்டு. பிஸ்கட். என் வீட்டில் பிஸ்கட் கிடையாது.

எனக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. ஹவுஸ் ஓனர் ஞாபகம்தான் வந்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

"சார், வேற சாவி வெச்சு என் வீட்டுக்குள்ள போறீங்களா?"

"எனக்கு என்னம்மா தலையெழுத்து?"

"அப்ப என் மீன் தொட்டியில பிஸ்கட் போடறது யாரு?"

அவர் முகம் சுண்டிப்போனது. "தொட்டிய எங்க வெச்சிருக்க? அந்த மேடையிலயா? எடுத்துடு."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

என்னிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

வியாழன் காலை. கதவுக்கு வெளியே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புதுப் பூட்டைத் தொங்கவிட்டேன். சாயங்காலம் 6.10க்கு வந்து திறந்தேன். தண்ணீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. மேலெல்லாம் பிஸ்கட் தூள். மிச்சமிருந்த ஆறு மீனும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. பாதித் தண்ணீரை மாற்றிக் காப்பாற்றினேன்.

பிறகுதான் கதவைப் பார்த்தேன். உள்பக்கம்... தாழ்ப்பாளுக்கு அருகே... நகத்தால் கீறிய கோடுகள். காலையில் அவை இல்லை.

போனை எடுத்தேன். அண்ணன் பெயர்வரை விரல் போனது. வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை. லீவு போட்டேன். மூடியைச் சுற்றி, துளையையும் சேர்த்து, செலோ டேப் ஒட்டினேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

4.18. மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

4.20. நின்றன.

இடது மூலை. ஆறு மூக்கும் மேலே.

நறுக்...

பிஸ்கட் உடைகிற சத்தம். அந்த நாலு விரல் இடைவெளிக்குள் இருந்து.

மூடிக்கு அடியில், தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது... ஒரு துணுக்கு இறங்கியது. டேப் பிரியவில்லை.

நறுக்...

பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தையும் மீறிக் கோபம் வந்தது.

"ஏய்! வாடகை நான் குடுக்கறேன். மீன் என்னோடது. ஒரு மீனக் கொன்னுட்ட, தெரியுமா?"

சத்தம் நின்றது.

"போடு. வேணாங்கல. ஒரே ஒரு துணுக்கு. அதுக்கு மேல போட்டா எல்லாம் செத்துடும். புரியுதா?"

மீன்கள் இடது மூலையிலேயே நின்றன...

நறுக்.

சின்னதாக. ஒரே ஒரு தடவை.

திங்கட்கிழமை லேபில் அளந்தேன். கால் மில்லிகிராம். வியாழக்கிழமை, பூஜ்யம். சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்த விஷயத்தில் என் அண்ணனைவிட மேல்.

கீழ் வீட்டுத் தையல்காரக்காவிடம் கேட்டேன், மேலே எனக்கு முன்னால் யார் இருந்தது என்று. மெஷினை நிறுத்தினாள்.

"ஓனரோட தங்கச்சி. காலேஜுக்குப் போவேன்னு அடம் பிடிச்சா. வெளிய பூட்டு போட்டுட்டாரு. பதினோரு வருஷம், கடைசி வரைக்கும். தினம் நாலு இருபதுக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் ஜன்னல் கம்பி வழியா வைப்பாங்க. ஒண்ணு அவ தின்னுட்டு, ஒண்ண மீனுக்குன்னு ஒடைச்சுப் போடுவா."

"மீன் வளத்தாங்களா?"

"எங்க வளத்தா? தொட்டி கேட்டுக் கேட்டுத் தொண்டத்தண்ணி வத்திச்சு. மேடை மட்டும் கட்டிக் குடுத்தாரு, தொட்டி வரவே இல்ல. செவுத்துல மீன வரைஞ்சு, அதுக்குப் போட்டா பாவம். அவ போனதும் வெள்ளை அடிச்சு மறைச்சுட்டாரு. ஆச்சு, ஆறு வருஷம்."

மேலே ஓடினேன். இரும்பு ஸ்கேலை அந்த இடைவெளிக்குள் விட்டுச் சுவரைச் சுரண்டினேன். வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்தது. செல்போன் வெளிச்சத்தை அடித்தேன்.

பென்சில் கோடு. சுண்டுவிரல் நீள மீன்கள். உடம்பெல்லாம் வரி.

எண்ணினேன். ஏழு.

ஆறு, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன.

ஏழாவது... வயிறு மேலே.

இதற்கு எங்கள் லேபில் சோதனை இல்லை.

ஓனர் காலி பண்ணச் சொல்கிறார். சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டுமாம். "சுவத்துல கை வெச்சீங்கன்னா, தங்கச்சி கதைய மைக் கட்டிச் சொல்லுவேன் சார்" என்றேன். இறங்கிப் போய்விட்டார். அண்ணனுக்கு இன்னும் அந்தப் போன் போகவில்லை. போகாது.

ஒன்றை மட்டும் மாற்றினேன். அந்தப் பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். வேலைக்குப் போகும்போது கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போகிறேன். திருடன் வந்தால் வரட்டும்.

உள்ளே ஆள் இருக்கிறது.