நனையக் கூடாத வண்டி

என் ஸ்கேட்போர்டுக்கு முதல் எதிரி தண்ணீர். ஏழு மெல்லிய மரத்தகடுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. ஓரத்தில் ஈரம் இறங்கினால் தகடுகள் ஊதிப் பிரிந்துவிடும். அதனால் தூறலில் ஓட்டமாட்டேன், ஈரம் பட்டாலும் மொட்டைமாடி வெயிலில் காயவைக்கமாட்டேன், வளைந்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் சொரசொரப்புத் தாளைக்கூடப் பழைய டூத்பிரஷ்ஷால் உலர்வாகத்தான் தேய்ப்பேன். இருபத்தேழு வயதுப் பெண் ஒரு பலகைக்கு இப்படி மெனக்கெடுகிறாளே என்று இராஜபாளையத்தில் எங்கள் தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அப்பா சிரிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை. போலீஸில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வண்டி என்றால் அதற்குச் சாவி இருக்க வேண்டும். "இதுவும் வண்டிதாம்ப்பா" என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். காதில் விழாததுபோல் பேப்பரைத் திருப்புவார். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க எனக்கு ஏக்கமாகத்தான் இருந்தது.

ஓட்டுவதற்கு டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வாசல் வழவழப்பான சிமெண்டுத் தரை. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். புரட்டாசியில் அங்கே கல்யாணமே நடக்காது என்பதால் மாதம் முழுக்க வாசல் எனக்குத்தான்.

அப்படி ஒரு புரட்டாசியில் ஆயுதபூஜை வந்தது. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் பூஜை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அப்பாவின் பைக், பக்கத்தில் என் பலகை. இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

"யாருப்பா இதுல தண்ணி ஊத்துனது?"

"நான்தாம்மா. சோப்புத் தண்ணில நல்லா ஊறப்போட்டுத் தேய்ச்சேன். இதுவும் வண்டில்லா, கழுவாம எப்படிப் பொட்டு வைக்க?"

"இது வண்டி இல்லப்பா, மரம். ஊறிப்போச்சுன்னா அம்புட்டுதான். தெரியாத வேலைய ஏன் செய்யுறீங்க?"

அப்பா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார். பலகையைத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் அதை வண்டி என்று சொன்னது எனக்கு உறைத்தது. இரண்டு வருடம் நான் காத்திருந்த வார்த்தை. அதைச் சொன்னவரின் வாயை நானே அடைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, என் குணம் அப்படி.

மறுநாள் பலகையின் ஓரம் வாய் பிளந்திருந்தது. நிழலிலேயே நான்கு நாள் காயவைத்தேன். பிறகு பிளவுக்குள் மரப்பசை விட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றினேன். ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஆயுதபூஜைக்கு அப்பா பைக், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மூலையில் நின்ற என் பலகைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானே அதை எடுத்து வந்து பைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுக்கும் வைங்கப்பா."

அப்பா தயங்கினார். "ஈரம் படலாமாம்மா?"

"பொட்டு ஈரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் சந்தனத்தை விரலில் தொட்டு, ஊதி ஊதி உலரவிட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்பில் மட்டும் கடுகளவு வைத்தார். காய்ந்துபோன சந்தனம் ஒட்டாமல் உதிர்ந்தது.

"நல்லா வைங்கப்பா," என்றேன். "வண்டில்லா."