சர்க்கார் வண்டிக்குக் குளிராது

காரின் முன்கண்ணாடியைக் குளிரிலிருந்து காப்பதற்கு முறை இருக்கிறது. மாலையில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வைப்பர்களைத் தூக்கி நிறுத்த வேண்டும். பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் உள்காற்றும் வெளிக்காற்றும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும். முதலில் பருத்தித் துணி, அதன்மேல் போர்வை, அதற்கும் மேல் தார்ப்பாய். காலையில் வெயில் ஏறிய பிறகே எடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் வெந்நீர் ஊற்றக் கூடாது. உறைபனி விழும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் ஒப்புக்கொள்வார்கள். நான் கற்றுக்கொண்டதோ புனேக்குப் பக்கத்தில், தேஹு ரோட்டில். அங்கே பனி என்றால் புல்நுனியில் இருக்கும் ஈரம், அவ்வளவுதான்.

வாழ்நாள் முழுவதும் தணிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் முறை தவறியதைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். இப்போது ஓய்வு. புனேயின் வாகடு பகுதியில் இருக்கும் என் மகளின் கார் அடுக்குமாடியின் நிலத்தடியில் நிற்கிறது. அதற்கு வெயில், குளிர், நிலா எதுவும் தெரியாது. அவளிடம் இந்த முறையைச் சொன்னால், “ஏம்மா, புனேல எதுக்கு இதெல்லாம்?” என்கிறாள். சரியான கேள்வி. அதை ஒன்பது வயதில் நானும் கேட்டேன். பதிலும் வந்தது. விளங்கத்தான் இல்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. அப்பா ராணுவத் தளவாட டிப்போவில் சிவிலியன் குமாஸ்தா. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, டிப்போ குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பாவுக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். ஆனால் எங்கள் வாசலில் ஒரு கார் நின்றது. அது மாமாவுடையது. மாமா அம்மாவின் ஒரே தம்பி, ராணுவத்தில் இருந்தார். யாரோ ஒரு பார்சிக்காரர் கைவிட்ட பழைய சீமைக் காரை வாங்கி, ஆசை தீர ஓட்டுவதற்குள் வடக்கே பனிமலை எல்லைக்கு மாற்றல் வந்துவிட்டது. காரை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார்:

“யக்கா, மத்ததெல்லாம் தகரம். நசுங்குனா தட்டி எடுத்துக்கலாம். கண்ணாடிய மட்டும் பாத்துக்கோ. இதுக்கு இன்னொண்ணு கெடைக்காது.”

கண்ணாடியின் இடது மூலையில் ஏற்கனவே ஒரு சிறு தெறிப்பு இருந்தது. மலைப்பாதையில் லாரிச் சக்கரம் எற்றிவிட்ட கல். நெற்றிப் பொட்டு அளவுதான்.

முதலில் கடிதங்கள் வந்தன. குளிர் தொடங்கியதும் நின்றன. மேலே பாதை பனியில் மூடிவிடும், தபால் வண்டி போகாது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று அப்பா விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து போர்த்திக்கொள்வதை நிறுத்திவிட்டாள். அம்மாவும் நானும் பஞ்சு வைத்துத் தைத்த ஒரே சிவப்பு ரஜாய்க்குள் படுப்பது வழக்கம். இப்போது, “எனக்கு வேர்க்கி, நீயே போத்திக்கோ” என்று அதை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். வேர்க்கிற ஆளுக்குப் பல் ஏன் கிட்டுகிறது என்று நான் யோசிக்கவில்லை. முழு ரஜாயும் எனக்குக் கிடைத்தது. பக்கத்து அறையில் அப்பா இருமுவது கேட்கும்.

ஒரு மாலை அப்பா அலுவலகத்திலிருந்து வந்ததும் சைக்கிளைச் சாத்தி வைக்காமல் நேராகக் காரிடம் போனார். குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. இந்தப் பொட்டு இருக்குல்லா? குளிர்ல இது ஓடும். ஓடுச்சுன்னா கண்ணாடி இந்தக் கோடியிலயிருந்து அந்தக் கோடி வரைக்கும் கீறிரும். டிப்போல மலையிலயிருந்து திரும்பி வர்ற வண்டிய நான் பாக்கேன்லா. உன் தம்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

வெகுநாளுக்குப் பிறகு அம்மா ஒருவர் பேசுவதை முழுதாகக் காதில் வாங்கினாள். “என்ன செய்யணும்?” என்றாள்.

அப்பா முறையைச் சொன்னார். மேலே நான் சொன்னது அதுதான். படிக்கட்டில் நின்று, சுற்றறிக்கை வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா செய்தாள். போர்வை என்று வந்ததும் டிப்போ ஏலத்தில் எடுத்த சாம்பல் நிறக் கம்பளியை அப்பா நீட்டினார். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது குத்தும்” என்றாள்.

“கண்ணாடிக்கா குத்தும்?” என்று கேட்டேன்.

அம்மா உள்ளே போய்ச் சிவப்பு ரஜாயை எடுத்துவந்து கண்ணாடிமேல் விரித்தாள். நான்கு ஓரத்தையும் கையால் தள்ளிச் செருகினாள். செருகிவிட்டுச் சற்று நேரம் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அன்று நாங்கள் இருவரும் குத்துகிற கம்பளிக்குள் படுத்தோம். “நல்லா கதகதப்பாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கிப்போனாள். நான்தான் விடியும்வரை சொறிந்துகொண்டு கிடந்தேன்.

இது தினமும் நடந்தது. பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் டிப்போவில் டிரைவர். முன்வாசலில் பீடி பிடித்தபடி இந்தச் சடங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “சாப், யே காடீ ஹை கி பச்சா ஹை?” என்று கேட்டார். இது காரா, கைக்குழந்தையா என்று.

“மேரா சாலா ஹை” என்றார் அப்பா.

என் மைத்துனன் என்று அர்த்தம். மைத்துனனின் கார் என்று சொல்ல வந்து, இந்தி போதாமல் பாதியில் நிறுத்திவிட்டார் என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. டிரைவரோ சிரிப்பை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் இருந்த அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, பீடியை மிதித்து அணைத்து, தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகும் வழி டிப்போ வேலியோரமாகப் போகும். உள்ளே வெட்டவெளியில் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். எல்லாவற்றின் முன்கண்ணாடியும் வெறுமையாக, ஈரம் வழிந்தபடி இருக்கும். நான் நின்று பார்த்தேன். ரஜாயைப் பறிகொடுத்த ஆத்திரமும் இருந்தது.

“இதுக்கெல்லாம் யாருப்பா போத்தி விடுவாங்க?”

அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “அதெல்லாம் சர்க்கார் வண்டி. அதுக்குக் குளிராது” என்றார்.

சர்க்கார் என்றால் அப்படித்தான் போலும் என்று ஏற்றுக்கொண்டேன். பிறகு நானே அந்தச் சர்க்காரில் வேலை பார்த்தபோது, அப்பா சொன்னது அவ்வளவு தவறில்லை என்றும் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு. புனேக் குளிரை அவள் தன்மீது தொடுக்கப்பட்ட வழக்காகவே எடுத்துக்கொண்டாள். நடுவில் கரி போட்டுக் காய்ச்சும் செம்பு வெந்நீர்க் கலம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அத்தை இருந்தவரையில் அது அணையவே இல்லை. குடிக்க வெந்நீர், பல் துலக்க வெந்நீர், செருப்பைக் கழுவக்கூட வெந்நீர். “எப்படிட்டீ இந்த ஊர்ல உயிரோட இருக்கிய?” என்று அம்மாவிடம் நாளுக்குப் பலமுறை கேட்டாள்.

அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் காரிலேயே கூட்டிப்போவதாக டிரைவர் ஒத்துக்கொண்டார். இருட்டோடு தொடங்கும் ஆராதனை. முறைப்படி வெயில் ஏறும்வரை காத்திருக்க வழியில்லை. அப்பா போர்வைகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஷூ போட உள்ளே போனார். சற்று நேரத்துக்குள் கண்ணாடியில் புகைபோல் ஈரம் படிந்தது. அத்தை ஒரு செம்பு நிறைய வெந்நீரோடு வெளியே வந்தாள். நான் ரிப்பனைக் கடித்துக்கொண்டு படியில் நின்றேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிவதற்குள் தண்ணீர் கண்ணாடியில் விழுந்துவிட்டது.

‘டிக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை. பொட்டிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, வளைந்து, மறுகோடிவரை போய் நின்றது.

அப்பா சொன்ன முறையில் எதுவெல்லாம் நிஜம் என்று இன்று கேட்டால், அந்தக் கடைசி விதி ஒன்றுதான் இந்த ஊருக்கு நிஜம் என்பேன். குளிர்ந்த கண்ணாடிக்குத் திடீர்ச் சூடு ஆகாது. அத்தை மிகச் சரியாக அதை மீறினாள்.

“குளிர்ல கெடக்கே, மூஞ்சியக் கழுவி விடுவோம்னு நெனச்சேன்யா” என்றாள் ஓடிவந்த அப்பாவிடம். “ஒரு கண்ணாடிதானே? ஏன் எல்லாரும் எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய?”

“நீ சும்மா இரு யக்கா!” என்றார் அப்பா. அக்காவிடம் அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

அம்மா கையில் வேதப்புத்தகத்தோடு வாசல்வரை வந்திருந்தாள். கோட்டைப் பார்த்தாள். “என் தம்பி” என்று மட்டும் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மடித்து வைத்திருந்த ரஜாயைப் பெட்டியில் வைத்து மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். எங்களுக்குச் சகுனம் பார்க்கும் வழக்கம் கிடையாது. அதைக் கண்டித்து எங்கள் சபைப் போதகர் ஐயர் ஆண்டுதோறும் ஒரு பிரசங்கம் செய்வார். ஆண்டுதோறும் கண்டிக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தையும் நானும் கோயிலுக்கு நடந்தே போனோம். அப்பா வரவில்லை. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, கண்ணாடிமேல் விரித்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டிரைவரோடு லோக்கல் ரயிலேறிப் புனேக்குப் போயிருந்தார். பிற்பகலில் இருவரும் சாக்கும் வைக்கோலும் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடியை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார்கள். கயிறு அறுத்து அப்பாவின் விரல்கள் சிவந்திருந்தன. ரப்பரைப் பெயர்த்து, புதியதைப் பொருத்தி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

அது வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி. பழைய காரின் கண்ணாடி வளைவில்லாத தட்டை என்பதால் அளவுக்கு அறுத்துப் பொருத்த முடிந்தது. காருக்கு அதைப் போடுவது எந்த விதிப்படியும் குற்றம். உடைந்தால் ஓட்டுகிறவரின் கழுத்தில்தான் இறங்கும். ஒரு பென்சில் வாங்கவும் முறையான அனுமதி கேட்கும் அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. “காடீ சலானா நஹீ” என்று டிரைவரிடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னதும், வண்டியை ஓட்டவே கூடாது என்று அவரும் தலையாட்டியதும் எனக்குக் கேட்டது.

அம்மா வந்தாள்.

“அதே கண்ணாடிதானா?”

“அதேதான். இன்னும் கெட்டி.”

அம்மா இடது மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். பொட்டு இல்லை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிற்காலத் தணிக்கையாளர் அன்றே விழித்துக்கொண்டார்.

“பொட்டு ஓடும்னுதானேப்பா போத்தினோம்? இப்ப பொட்டே இல்லையே. ரஜாய் எனக்குத்தானே?”

அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட மனிதனின் பார்வை. பிறகு, “புதுக் கண்ணாடிக்குத்தான் ரொம்பக் குளிரும்” என்றார்.

அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

வெயில் ஏறிய மாதத்தில் மாமா வந்தார். மூக்குத்தோல் உரிந்து, ஆள் கறுத்து, பழைய சிரிப்போடு. காரைப் பார்த்ததும் அம்மா பெருமையாகச் சொல்லத் தொடங்கினாள்: எப்படித் துடைத்தாள், எப்படிப் போர்த்தினாள், ஒருநாள்கூடத் தவறவில்லை என்று. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“யக்கா! புனேக் குளிர்லயா கண்ணாடி ஒடையும்? நான் பாத்துக்கோன்னது இந்தப் பயலுவ கிரிக்கெட் பந்துக்கு! டிப்போல அத்தன லாரி வெறுமனே நிக்கே, ஒண்ணு ஒடஞ்சுதா? யாரு உனக்கு இந்த வெவரத்தச் சொன்னது?”

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா காரின் பின்சக்கரத்தருகே குந்தி, டயரில் காற்று இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் ஓடாத காரின் டயரை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

அம்மா உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். வந்தவருக்கு முதலில், வீட்டு ஆளுக்குப் பிறகு என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி. அம்மாவே எனக்குக் கற்றுக்கொடுத்தது. அன்று அவள் மாமாவைத் தாண்டிப் போய், குந்தியிருந்த அப்பாவிடம் முதல் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளும்வரை நின்றாள்.

“அம்மா, மாமாவுக்குத்தானே மொதல்ல?” என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முறை தவறுவது என் ஒருத்திக்குத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.