தோளில் இரண்டு தட்டு

நான் குடிக்கிற ஆள் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவன். இல்லாததை இருப்பதாகப் பார்க்கிற கண் என்றால் என்றைக்கோ உரிமத்தைப் பிடுங்கியிருப்பார்கள். ஆகவே இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் என் வீட்டுப் பின்தோட்டத்தில் நடந்தது. எங்கள் பின்கதவின் நிலையில் இன்றும் ஒரு சின்னத் துளை இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து விரலை வைத்துப் பார்க்கலாம்.

எல்லாம் எலியால் வந்த வினை. என் மனைவி மேவிஸ் ஆறு கோழி வளர்க்கிறாள். இரண்டு வருஷம் கட்டிலோடு கிடந்தவளை எழுப்பி நடக்க வைத்தவை அந்தக் கோழிகள்தான். மருந்து மாத்திரையெல்லாம் அப்புறம். கோழித் தீனிக்கு எலி வந்தது. கூண்டுக்கு அடியில் வளை தோண்டி, பிள்ளைகுட்டிகளோடு குடியேறிவிட்டது. பக்கத்து வீட்டு லொரெய்ன் நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வருவார், எலி நடமாட்டம் இருந்தால் கோழிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று கடிதம் வந்தது. அதைப் படித்த மேவிஸ் சாயங்காலமே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"விஷம் வைக்கலாமா?" என்றேன்.

"வையேன், கிளைவ். செத்த எலியை என் கோழி கொத்தும். அப்புறம் உன் டீயிலயும் கொஞ்சம் கலக்குறேன்."

மிச்சம் இருந்தது என் பழைய ஏர்கன் என்ற காற்றுத் துப்பாக்கிதான். ஆனால் எலி பகலில் தலை காட்டாது. இருட்டில் விளக்கடித்தால் ஓடிவிடும். இருட்டிலே பார்க்கிற கருவி வேண்டும். நல்லதாக வாங்கினால் ஒரு மாத ஓய்வூதியத்தை விழுங்கிவிடும். மலிவாக வேண்டும் என்றால் ஒரே வழி: துப்பாக்கியின் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் குழலில், மாட்டுகிற சின்னக் கேமரா, அதன்மேல் ஓர் அகச்சிவப்பு டார்ச். அந்த டார்ச்சின் வெளிச்சம் நம் கண்ணுக்கும் தெரியாது, எலிக்கும் தெரியாது. கேமரா வழியே பார்த்தால் மட்டும் தோட்டம் பட்டப்பகலாக இருக்கும். மலிவுக்கே உரிய குறையும் உண்டு. உருவமெல்லாம் வெள்ளை மங்கலாகத் தெரியும், கண்கள் மட்டும் இரண்டு புள்ளிகளாக மின்னும். உருவத்தை முழுசாகப் பார்க்காமல் கண்ணை மட்டும் நம்பிச் சுடக் கூடாது. துப்பாக்கி பிடிக்கிற எவனுக்கும் அதுதான் முதல் பாடம். எனக்கும்தான்.

இரண்டும் விற்பனைக்கு என்று கடை ஜன்னலில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பத்து மைல் தள்ளிப் போனேன். விற்றவள் ஹெஸ்டர் என்ற விதவை; கணவர் விட்டுப்போன சாமான். எழுபது வயது இருக்கும். இடது கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தாள்.

"ஒத்தையாவா சுடுவீங்க? டார்ச் பிடிக்க ஆள் உண்டா?"

"ஒத்தையாத்தான்."

"வீட்ல வேற யாரு?"

"மனைவி இருக்கா."

பையை நீட்டிய கை அப்படியே நின்றது.

"நீங்க வெளிய உட்கார்ந்திருக்கும்போது அவங்க கதவைத் திறக்க வேணாம்னு சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

பேசிய விலையில் பாதி போதும் என்றாள். என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்!

டார்ச் பிடிக்க ஆள் உண்டா என்று அவள் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கம் இரவில் சுடப் போவது எப்போதும் இரண்டு பேராகத்தான். ஒருவன் சுடுவான். இன்னொருவன் பின்னால் நின்று விளக்குப் பிடிப்பான். பேச்சு மூச்சு இருக்காது. தோளில் ஒரு தட்டு என்றால், வெளிச்சம் போகிற இடத்தைப் பார். இரண்டு தட்டு என்றால், சுடு. இருபது வயதில் நானும் அப்படிப் பழகியவன்தான். இரண்டு தட்டு விழுந்தால் விரல் தானாக அழுத்தும். நம்மைக் கேட்காது.

வியாழன் இரவு 9.40. மேவிஸிடம் கதவு விஷயத்தைச் சொன்னேன். "சரிங்க துரை" என்று கேலியாகக் கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போனாள். தோட்டத்துக் கோடியில் செங்கல் சுவருக்கு முதுகைக் கொடுத்து முக்காலியில் உட்கார்ந்தேன். எதிரே கோழிக்கூண்டு, அதன் பின்னால் மரக்கொட்டகை. குண்டு தவறினாலும் கொட்டகைப் பலகையில் தைக்கும், வேலி தாண்டாது. கொட்டகைக்கு இடப்பக்கம் வீட்டின் பின்கதவு.

10.05. முதல் எலி. 'ப்ட்'. விழுந்தது.

10.20. இரண்டாவது. கை நன்றாகத்தான் இருந்தது.

10.45. காட்சி மங்கிக்கொண்டே வந்து இருண்டது. டார்ச்சில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மாற்று பேட்டரியைச் சட்டைப் பையில் துழாவிக்கொண்டே, சும்மா... ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

பட்டப்பகல்.

கண்ணை எடுத்தேன். கும்மிருட்டு. மறுபடி வைத்தேன். கூண்டு, கம்பிவலை, தீனித்தொட்டி... எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பேட்டரி என் கையில் இருந்தது.

லொரெய்ன் வீட்டுக் கண்காணிப்புக் கேமராவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிலும் இதே வெளிச்சம்தான். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை. மேவிஸ் மறுபடி கட்டிலில் விழுவதை நினைத்தேன். இலவசமாக வந்த வெளிச்சத்தை விடுவானேன் என்று உட்கார்ந்துவிட்டேன். புத்தி கெட்டவன்!

வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. வளையின் வாயில் நின்றது. எலி வந்தது. 'ப்ட்'. தொட்டிக்கு நகர்ந்தது. அங்கே ஒன்று. 'ப்ட்'. அது காட்டக் காட்ட நான் சுட்டேன். 11.10க்குள் ஆறு.

ஒவ்வொரு முறையும் தோளில் ஏதோ லேசாகப் பட்டது. மழைத் துளி என்று நினைத்தேன்.

அன்று மழை இல்லை.

வெளிச்சம் கொட்டகைப் பலகைக்கு ஏறியது. அதில் என் நிழல் விழுந்தது. முக்காலி, தொப்பி, துப்பாக்கி.

என் நிழலுக்குப் பின்னால்... நின்றபடி இன்னொன்று.

சடாரெனத் திரும்பினேன். செங்கல் சுவர். சுவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பூனை நிற்கவும் இடம் கிடையாது.

எழுந்து ஓட நினைத்தேன். அதற்குள் கண் தானாக ஸ்கோப்புக்குப் போனது.

வெளிச்சம் இடப்பக்கம் நகர்ந்தது.

தோளில் ஒரு தட்டு.

உயரத்தில் ஒரு வெள்ளை மங்கல். அதில் இரண்டு புள்ளிகள். எலி சுவர் ஏறும். கூரைக்குப் போகிற எலி...

இரண்டு தட்டு.

'ப்ட்'.

"அய்யோ!"

மேவிஸின் குரல்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்கதவு திறந்திருந்தது. இருட்டில் டீத் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். சமையலறை விளக்கைப் போட்டேன். குண்டு அவள் இடது காதுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, கதவு நிலையில் தைத்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அறுபத்து மூன்று வயதில் அழுவதற்கு எனக்கு வெட்கமே வரவில்லை.

"ஏண்டி திறந்தே? சொன்னேன்ல?"

"நீதானேப்பா சமையக்கட்டு ஜன்னலைத் தட்டினே! ரெண்டு தட்டு. டீ கேக்குறேன்னு நினைச்சேன். எலி ஓடிடும்னு விளக்கைக்கூடப் போடாம கொண்டு வந்தா... என்னையே சுடுறியா?"

தட்டைப் பார்த்தேன். மூன்று குவளை.

"இது யாருக்கு?"

"உன் பின்னால நிக்கிறவருக்கு. யாரு அது, கிளைவ்? ஜன்னல் வழியா நிழலாத்தான் பார்த்தேன், முகம் தெரியல."

மறுநாள் பத்து மணிக்கு நகராட்சி ஆள் வந்தார். செத்த எலிகளைப் பார்த்தார், அடைத்த வளைகளைப் பார்த்தார். கோழிகள் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மேவிஸ் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஹெஸ்டர் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்.

"அவங்க உயிரோட இருக்காங்களா?"

"இருக்கா. காதோரமாப் போயிடுச்சு. இடது காது."

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மறைத்திருந்த துணியைத் தொட்டாள்.

"இது என் வீட்டுக்காரர் வில்ஃப் சுட்டது. எங்க பின்கதவுலதான், டீயோட நின்னேன். அவர் தம்பி ராய்தான் எப்பவும் அவருக்கு டார்ச் பிடிப்பான். ராய்க்கு என்னைக் கண்டாலே ஆகாது. நான் டீ டீன்னு கதவைத் திறந்து எலியையெல்லாம் விரட்டுறேனாம். வில்ஃப் சாகுற வரைக்கும் ஒண்ணைத்தான் சொல்லிட்டிருந்தாரு. ராய் தட்டினான், ரெண்டு தட்டு தட்டினான்னு."

"ராய் அதுக்கு என்ன சொன்னாரு?"

"அவன் எங்க சொல்றது? அவனைப் புதைச்சு அப்ப மூணு வாரம் ஆகியிருந்துச்சே."

ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவரோட டார்ச்?"

"ஆசையா வச்சிருந்தான்னு பெட்டிக்குள்ள கையிலேயே கொடுத்து மூடிட்டோம். அணைச்சோமான்னுதான் யாருக்கும் ஞாபகம் இல்ல. அது எரியுறது நம்ம கண்ணுக்குத் தெரியாதே."