பெட்டிக்குள் அணைக்காத போன்

திருமலைக்குப் போனால் தரிசன வரிசைக்கு முன்னாலேயே போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பெரிய இடத்துக்குள் போன் கூடாது என்று அதிலிருந்தே என் மனதில் பதிந்துவிட்டது. போன வருஷம் ஹைதராபாத்தில் இருக்கும் மகனைப் பார்க்க, ரேணிகுண்டாவில் முதன்முதலாக விமானம் ஏறினேன். கூட வந்த மகள் அந்தப் பக்கம் போன நேரத்தில் போனைப் புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பெட்டியும் மற்றச் சாமான்களோடு உள்ளே போய்விட்டது.

ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். எல்லாரும் போனைக் கையில் எடுத்தார்கள்.

"இன்னாடி சொல்லுது அந்தப் பொண்ணு?"

"போனை ஃப்ளைட் மோடுல போடணுமாம். உன்னுது எங்கம்மா, குடு."

"பெட்டில கீது."

"பெட்டிலயா! கோயிலுக்கா போறோம், போனைக் குடுத்துட்டு வர்றதுக்கு? ஆஃப் பண்ணியா இல்லியா?"

பண்ணவில்லை. ஜன்னலோரம் இருந்தவர் தெலுங்கில் சொன்னார், பேட்டரி சூடேறிப் பற்றினால் இங்கே தண்ணீராவது ஊற்றலாம், கீழே சாமான்களுக்கு நடுவில் புகைந்தால் யாருக்குத் தெரியும் என்று.

"சும்மா இரு சார், அம்மா வேற பயந்துக்கினு கீது," என்றாள் மகள்.

என் போன் பழசு. சார்ஜில் போட்டாலே முதுகு கொதிக்கும். பின்னால் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

"அந்தப் பொண்ணைக் கூப்புடுடி."

"ஒன்னும் ஆவாதும்மா. மானத்தை வாங்காத."

பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூட வாய் திறக்காதவள் நான். கையைத் தூக்கினேன். பெல்ட் பார்த்துக்கொண்டு வந்த பெண்ணிடம் தெரிந்த தெலுங்கில் உளறிக்கொட்டினேன். அவள் முன்னால் போய்ச் சுவரிலிருந்த போனில் பேசினாள். எல்லார் கண்ணும் என் மேல். திரும்பி வந்து, கூட வேறு பேட்டரி எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பயப்பட வேண்டாம், அடுத்த தடவை அணைத்துக் கையிலேயே கொண்டுவாருங்கள் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

விமானம் மேலே போனது. காலுக்கு நேர் கீழேதான் பெட்டி இருப்பதுபோல் பாதத்தைத் தரையில் வைக்க மனம் வரவில்லை. யாருக்கோ காப்பி கொண்டுபோன வாசனைகூடக் கருகல் மாதிரி வந்தது.

இறங்கியதும் பெட்டி வந்தது. புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா, பொட்டிக்கு ஜொரமா?" மகள் சிரித்தாள்.

சில்லென்றுதான் இருந்தது. ஆனாலும் அத்தனை ஜனத்துக்கு நடுவில் அதைத் திறக்க நான் விடவில்லை.